மிஸ்டர் இராஜநாயகம் கறி பரிமாறிய படலம்

வாழ்க இராஜநாயகம்! மூன்று மாடிவீடுகளின் திறப்புக்கொத்துக் கிலுங்கும் இடையினன். பிறர் வீட்டுப் பளிங்குத் தரையைத் தன் முகம் தெரியுமட்டும் துடைத்துத் துடைத்துத் திண்மை பெற்ற திரள்தோளன். மன்னார்த் தீவின் உப்புக்காற்றில் மீசை அரும்பி, மத்தியதரைக் கடலின் உப்புக்காற்றில் அதே மீசை நரைத்த மாண்பினன். விசில் ஒன்றைப் பதக்கமென மார்பில் தாங்கி, புனித பர்த்தலோமேயு கல்லூரிப் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணியின் பலேர்மோக் கிளையைப் பயிற்றுவித்த பெருந்தகை. அவ்வணி தோற்ற நண்பகலில், ஆயிரம் நாவுகள் அம்பாகப் பாய, ஓர் அகப்பையை மட்டுமே படைக்கலமாக ஏந்தி, ஆட்டுக்கறி அண்டாவின் முன் தனித்து நின்ற தறுகண் மறவன், அவன் வாழ்க. ஆயிரம் நாவுகள் என்பது காவிய வழக்கு. உண்மையில் மண்டபத்தில் எழுபது பேர்வரை இருந்தார்கள்.

மலைக்குகையில் வீற்றிருக்கும் மாதரசி சாந்தா றொசாலியாவே, காப்பு. உன் எலும்புகளைச் சுமந்து வீதிவலம் வந்தபோது இந்நகரைப் பிடித்த கொள்ளைநோய் கூண்டோடு ஓடிற்று என்கிறார்கள். சைவரும் வேதக்காரரும் என்ற வேற்றுமை இன்றி எம்மவர் வெறுங்காலுடன் உன் மலையேறி, வேலைக்கும் பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் நேர்த்தி வைக்கிறார்கள். அத்தனைக்கும் செவிசாய்க்கும் தாயே, முடிந்துபோன ஆட்டத்தைக் கரையில் நின்று திரும்ப ஆடுகிறவர்களின் வாயை மட்டும் ஏன் அடைக்காமல் விட்டாய்? அது கொள்ளைநோயிலும் கொடியது. தொட்டாலும் ஒட்டும், தொடாவிட்டாலும் ஒட்டும். அதற்கு உன்னிடமும் மருந்தில்லை என்றால், இக்கதையைச் சொல்லி முடிக்கும்வரை கேட்பவர்களுக்குப் பொறுமையையாவது கொடு.

மறவனின் மகுடம் எது என்பதை முதலில் சொல்ல வேண்டும். கிழமை முழுவதும் அவனுக்குப் பெயர் 'றாயா'. இராஜநாயகம் என்னும் ஏழெழுத்துப் பெருமிதத்தை வாயில் போட்டு மெல்ல இயலாத மூன்று வீட்டு எசமானிகளாம் சிஞ்ஞோராக்களும், தங்களுக்குள் பேசி வைத்ததுபோல் அதை வெட்டிச் சுருக்கி, "றாயா, யன்னல்", "றாயா, குப்பை", "றாயா, பூனை" என்று ஏவி வந்தார்கள். ஆயின் வியாழக்கிழமை பின்னேரம், வீட்டு வேலைக்காரர்க்கெல்லாம் அரைநாள் ஓய்வு வாய்க்கும் அப்பொன்னான பொழுதில், சீசா என்னும் பகுதியின் அடுக்குமாடிகளுக்கு நடுவே புல்லென்று ஒன்று முளைத்தறியாத மைதானத்தில் அவன் கால் வைத்த மாத்திரத்தில் உலகம் தலைகீழாகும். இத்தாலியில் உதைபந்தாட்டப் பயிற்றுநரை 'மிஸ்டர்' என்றுதான் விளிப்பார்கள். "மிஸ்டர், நான் எங்கை நிக்க?" என்பான் ஒருவன். "மிஸ்டர், தண்ணி குடிக்கட்டோ?" என்பான் இன்னொருவன். அவன் கைகாட்டிய திசையில் பதினொருவர் ஓடுவார்கள். அந்த ஒரு பின்னேரத்துக்காகத்தான் அவன் கிழமையின் மற்ற நாட்களைத் தள்ளினான். அவனிடம் இருந்த ஒரே பதவி அது. அதை இழந்தால் ஏழு நாளும் றாயாதான்.

அம்மகுடத்துக்கு ஆபத்து ஒரு ஞாயிற்றில் வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, காலைத் திருப்பலி முடிந்த கையோடு, புனித பர்த்தலோமேயு கல்லூரியின் பழைய மாணவருக்கும் புனித கிளமென்ற் கல்லூரியின் பழைய மாணவருக்கும் மூளும் பெரும்போர் அன்று மூண்டது. கல்லூரிகள் இரண்டும் கடல்கள் பல தாண்டிக் கிடக்க, அவற்றின் பகை மட்டும் பெர்மெஸ்ஸோ எடுத்துப் பலேர்மோவில் குடியேறியிருந்தது. பழைய மாணவர்கள் மெய்யாகவே பழையவர்களாகிவிட்டபடியால், அவர்களுடைய வயிறுகளுக்குத் துணையாக இங்கே பிறந்த பிள்ளைகளையும் களமிறக்கலாம் என்று விதி செய்திருந்தார்கள். கல்லூரியின் வாசலைக் கண்ணாலும் காணாத அப்பிள்ளைகளின் கால்களில்தான் கல்லூரியின் மானம் இருந்தது. அவர்களுள் தலையானவன் பத்தொன்பது வயதுக் காளை பிறின்ஸ். பின்வரிசையின் நடுத்தூண், இராஜநாயகத்தின் ஒரே மகன்.

பாதி அணி பலேர்மோவில் பிறந்தது, மற்றப் பாதி பலேர்மோவில் நரைத்தது என்பதால், மிஸ்டர் முன்னொரு வியாழனில் விசிலை நீள ஊதி ஓர் ஆணை பிறப்பித்திருந்தான். "களத்துக்குள்ளை இத்தாலியன் மட்டும். தமிழ் வீட்டிலை. ரெண்டையும் கலந்தால் ஒருத்தனுக்கும் ஒண்டும் விளங்காது." அறிவார்ந்த ஆணை என்று எல்லாரும் பாராட்டினார்கள். அன்றுதொட்டு அந்த மைதானத்தில் தமிழ் கேட்டதில்லை, காலில் கல்லுக் குத்தினால் தவிர.

போரை நீட்டாமல் சொல்வோம். முன்வரிசையின் முழங்குவேழமாகிய சுரேஸ் முதற்பாதியிலேயே இரண்டு கோல்கள் அடித்து எதிரிகளைக் கலங்கடித்தான். பிற்பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் அவ்வேழம் கரைக்கு வந்து மிஸ்டரின் காதருகே குனிந்தது. "அண்ணை, என்ரை சிஞ்ஞோராவின்ரை நாயை வெளியிலை கொண்டுபோற நேரம். பக்கத்துத் தெருதான், சுறுக்கா வந்திடுவன். நாய்க்காகப் போனன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, சிரிப்பினம்." ஏவல் வாழ்வின் துயர் அறிந்த இராஜநாயகம் வாக்குக் கொடுத்தான், மாற்று வீரனை இறக்கினான். நாய்க்கு அன்றைக்கென்று மலச்சிக்கல். சுரேஸ் திரும்பி வரும்போது ஆட்டமே முடிந்திருந்தது. அதற்கிடையில் கிளமென்ற் படை இரண்டு கோல்களையும் திருப்பி அடித்துவிட்டிருந்தது.

ஆட்டத்தின் கடைசிக் கணங்கள் இப்படி இருந்தன. கோல் இரண்டுக்கு இரண்டு. கிழமை நாட்களில் நகரப் பேருந்து ஓட்டி, ஞாயிற்றில் நீதி வழங்கும் பலேர்மோக்காரராகிய நடுவர் சல்வத்தோரே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பந்தைத் துரத்திய பிறின்ஸ் நடுக்கோடுவரை போய்விட்டான். பந்தோ எதிரணியின் வசீகரனுடைய காலில் போய் ஒட்டிக்கொண்டது. பர்த்தலோமேயுவின் கோலுக்கு முன்னால் கல்யாணப் பந்தல் போடுமளவுக்கு வெளி கிடந்தது. அவ்வெளியைக் கண்டான் மிஸ்டர், நெஞ்சு பதறினான், அடுக்குமாடிகளின் யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும்படி, "வா, வா, வா" என்று மகனை விளித்து முழங்கினான். மகன் நிமிர்ந்து தந்தையை நோக்கினான், புரிந்ததென்று தலையசைத்தான், பின், பந்துக்கு முதுகு காட்டி, தன் கோலுக்கு முதுகு காட்டி, எதிரியின் கோலை நோக்கிப் புழுதி பறக்கப் பாய்ந்து சென்றான். ஓடவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்த வசீகரன், பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கப் போகிறவரைப்போல் நடந்தே போய், பந்தைக் கோலுக்குள் வைத்தார்.

மகன் ஊரறியத் தன் சொல்லை மீறிவிட்டான் என்று இராஜநாயகம் நினைத்தான். தோல்வியைவிட அதுதான் அவனைச் சுட்டது. மைதானத்திலிருந்து தேவாலயப் பங்கு மண்டபத்துக்கு நடந்து வந்த வழி முழுவதும் தந்தை ஒரு நடைபாதையிலும் மகன் மறு நடைபாதையிலுமாக வந்தார்கள்.

இப்போது அப்போரினும் பெரிய போர் தொடங்குகிறது. எவர் வகுத்தாரோ தெரியவில்லை, இரு கல்லூரிகளுக்கும் நடுவே ஒரு வழக்கம் உண்டு: தோற்ற அணியின் மிஸ்டர் வென்றவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் தன் கையாலேயே ஆட்டுக்கறி பரிமாற வேண்டும். சாப்பிட்ட பின் பொதுக்கூட்டம். கூட்டத்தில் அடுத்த ஆண்டுக்கான மிஸ்டர் தெரிவு. ஆகவே மண்டபத்தில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு கையில் வெறுந்தட்டும் மனத்தில் ஒரு தீர்ப்புமாக அவன் முன் வந்தே தீர வேண்டும். தீர்ப்பை வைத்துவிட்டுக் கறியை வாங்கிக்கொண்டு போக வேண்டும். முற்காலத்தில் மன்னர்கள் தோற்றால் அவர்களின் தலையை வெட்டினார்கள். அந்த அளவு இரக்கம் எம்மவரிடம் இல்லை.

எனினும் மறவன் நிராயுதபாணி அல்லன். அவன் கையில் இருந்தது பங்கின் அன்னதான அகப்பை, நெடுங்காம்பினது, குழிவயிற்றினது, அன்பனுக்கு ஈரலும், நடுநிலையாளனுக்கு இறைச்சியும், பகைவனுக்கு எலும்பும், வாயாடிக்கு வெறும் உருளைக்கிழங்கும் வழங்க வல்ல பெரும்படைக்கலம். அவனுக்கு வலப்புறத்தில் சோற்றுப் பானையின் அதிபதியாய் நின்றாள் அவன் இல்லத்தரசி ஸ்ரெல்லா. கறி அண்டாவிலிருந்து எழுந்த ஆவியில் மண்டபத்தின் சுவரிலிருந்த புனிதர்களுக்கும் பசித்திருக்கும்.

வரிசையின் முதல் ஆளாக வந்தார் வெற்றிவேந்தன் வசீகரன். வென்றவனின் பெருந்தன்மையைப்போல் பொறுக்க முடியாத ஒன்று இவ்வுலகில் இல்லை. "நல்ல ஆட்டம் அண்ணை," என்றார் அவர். "கடைசியிலை அந்த இடத்தை ஆர் எனக்கெண்டு ஒதுக்கி வைச்சது? ஒரு நன்றி சொல்லோணும்." விருந்தோம்பலின் விதிப்படி அகப்பை அவருக்கு ஈரல் வழங்கிற்று.

அவருக்குப் பின், பட்டுச்சேலை சரசரக்க, சுரேசின் மாமியார் ஞானாம்பிகை எழுந்தருளினார். பந்து எத்திசையில் போனால் எவருக்கு நன்மை என்பதை இந்நாள்வரை அறியாதவர் ஆயினும், மனிதர் எதற்காக எதைச் செய்கிறார்கள் என்பதை அறிந்தவர் அவர்போல் ஒருவரும் இலர். "தம்பி, ரெண்டு கோல் அடிச்ச பெடியனை ஏன் வெளியிலை எடுத்தனி?" என்று அவர் தொடங்கினார். "எனக்குத் தெரியும். அவன்ரை பிள்ளையின்ரை பிறந்தநாளுக்கு உங்களைக் கூப்பிடேல்லை. அந்தக் கோவம். கூப்பிடாதது என்ரை பிழை, சொல்லி விடச் சொன்னனான், ஆரோ மறந்திட்டினம். அதுக்காகக் கல்லூரியைத் தோக்கடிக்கிறதோ?" பிறந்தநாள் ஒன்று நடந்ததே இராஜநாயகத்துக்கு அப்போதுதான் தெரியும். நாய் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அக்கணமே அவன் வென்றிருப்பான். கொடுத்த வாக்கு தடுத்தது. உருளைக்கிழங்கு இரண்டை அவருடைய தட்டில் வைத்துவிட்டு அவன் அடுத்தவரைப் பார்த்தான்.

அடுத்தவன் சுரேசேதான். மானம் உள்ளவன் மௌனமாய்க் கறி வாங்கிப் போயிருப்பான். பின்னால் நின்ற நாலுபேர் தன் வாயைப் பார்க்கிறார்கள் என்று கண்டதும் அவ்வேழத்துக்கு வீரம் ஏறிற்று. "நான் நிண்டிருந்தால் மூண்டாவதும் விழுந்திருக்கும்," என்றான், ஒருவரையும் பாராமல். "சரி, மிஸ்டரின்ரை முடிவு. நான் என்னத்தைக் கதைக்கிறது." இராஜநாயகம் அவன் கண்களுக்குள் ஆழ நோக்கினான். அகப்பை அண்டாவின் அடிவரை சென்று துழாவி, ஆட்டின் முழங்கால் மூட்டு ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொணர்ந்து, ஒரு துணுக்கு இறைச்சியும் ஒட்டாத அந்த வெள்ளெலும்பை அவன் தட்டின் நடுவே டங் என்று வைத்தது. சுரேஸ் அதை வாங்கிக்கொண்டு வேகமாகப் போனான்.

அதன்பின் அம்புமழை. கோல்காப்பாளனை மாற்றியிருக்க வேண்டும் என்றார் ஒருவர். மாற்றியிருக்கவே கூடாது என்றார் மாற்றவில்லை என்பதை அறியாத மற்றொருவர். சூரியனுக்கு எதிராக விளையாட விட்டது பிழை என்றார்கள். ஆட்டத்துக்குமுன் வாழைப்பழம் கொடுத்தது பிழை என்றார்கள். முதற்பாதியில் வென்றுகொண்டிருந்ததே பிழை, அது எதிரிக்கு ரோசத்தை ஊட்டிவிட்டது என்று ஆழ்ந்து சிந்திக்கும் ஒருவர் சொன்னார். ஆட்டத்துக்கே வராமல் வியா மக்வேதாக் கடைத்தெருவில் சப்பாத்துப் பார்த்துவிட்டு நேரே சாப்பாட்டுக்கு வந்த ஒருவர்கூட, தட்டை நீட்டியவாறே, தான் என்றால் பந்தைக் காலிலேயே வைத்திருந்திருப்பேன் என்றார். இத்தனை தளபதிகள் கரையில் இருந்தும் ஒரு கல்லூரி தோற்கிறது என்றால் அது பயிற்றுநனின் தனித்திறமைதான். இராஜநாயகத்துக்கு மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது.

இந்நிலையில், படைகள் விலகி வழிவிட, தட்டேந்தி வந்தார் பர்த்தலோமேயுப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் கொன்ஸ்ரன்ரைன். கூட்டத்தை நடத்தப்போகிறவர் அவர். யார் மிஸ்டர், யார் வெறும் றாயா என்று சொல்லப்போகிறவரும் அவரே. சோற்றை அவர் மைதானம்போல் நீள்சதுரமாகப் பரப்பியிருந்தார். "நாலு கிழங்கு போடுங்கோ," என்றார். போட்டான். அவர் அவற்றை விரலால் வரிசையாக்கினார். "இது பின்வரிசை. இன்னும் ரெண்டு போடுங்கோ, நடுவிலை ஆள் காணாது." போட்டான். "இப்ப பாருங்கோ, இந்தக் கிழங்குதான் பிறின்ஸ்." அவர் ஒரு கிழங்கைச் சோற்றின் மறுகரைக்குத் தள்ளினார். பின்வரிசையில் தோன்றிய பள்ளத்தை இருவரும் குனிந்து பார்த்தார்கள்; அதற்குள் குழம்பு வடிந்துகொண்டிருந்தது.

"ஒரு கேள்விதான்," என்று செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "பெடியன் நீங்கள் சொல்லிப் போனவனோ, சொல்லாமல் போனவனோ? சொல்லிப் போனவன் எண்டால் உங்களை வைச்சிருக்கேலாது, சனம் விடாது. சொல்லுக் கேக்காமல் போனவன் எண்டால் உங்களிலை பிழையில்லை. அதைக் கூட்டத்திலை எழும்பிச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

தாழ்ந்திருந்த தலை நிமிர்ந்தது. கேடயம் ஒன்று கைக்கு எட்டியதை இராஜநாயகம் உணர்ந்தான். "நான் வா எண்டுதான் கத்தினனான்," என்றான், மண்டபம் கேட்க. "வா எண்டன். எல்லாருக்கும் கேட்டது. அவன் போயிட்டான்." அவ்வுரை கேட்டு வரிசை முழுவதும் தலைகள் ஆடின. இந்தக் காலத்துப் பிள்ளைகள் தாய் தகப்பன் சொல்லுக் கேட்பதில்லை என்பதில் இரு கல்லூரிகளுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. செயலாளர் மனநிறைவோடு தம் கிழங்குகளை எடுத்துக்கொண்டு போனார். வரிசையின் கடைசியில், ஒருவரோடும் கதையாமல், வெறுந்தட்டோடு பிறின்ஸ் நின்றுகொண்டிருந்தான்.

செயலாளருக்கு அடுத்து நின்றவர் நடுவர் சல்வத்தோரே. தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர்; கறிக்காகவே ஆண்டுதோறும் இப்போருக்கு விசில் ஊத வருகிறவர். அவர் இராஜநாயகத்தின் தோளைத் தட்டி, இத்தாலிய மொழியில் மனமாரச் சொன்னார்: "மிஸ்டர், உங்கள் மகன் தங்கமான பிள்ளை. என் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான், ஒரு சொல் கேட்கமாட்டான். உங்கள் மகனிடம் நீங்கள் 'வா' என்றீர்கள். ஏன் எதற்கு என்று கேட்காமல் உடனே போனானே. எனக்கு இறைச்சி கொஞ்சம் கூடப் போடுங்கள்."

அகப்பை அந்தரத்தில் நின்றது.

வா. ஒரே எழுத்து, உயிர்மெய் நெடில். தமிழன் வாயில் அது பிறந்தால் 'இங்கே வருக' என்று பொருள். அதே ஓசை இத்தாலியன் வாயில் பிறந்தால் 'போ' என்று பொருள். பலேர்மோவின் தெருக்களில் ஒவ்வொரு நாளும் ஆயிரம் பேர் ஆயிரம் பேரை அச்சொல்லால் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். களத்தில் இத்தாலியம் மட்டுமே என்று ஆணையிட்டவன் எவனோ, அவனே, வெளியைக் கண்டு பதறிய கணத்தில், தாய்மொழியில் கத்திவிட்டான். ஆணையைக் காத்தவனோ மகன். மைதானத்தில் காதில் விழுவதெல்லாம் இத்தாலியம் என்று நம்பி, 'போ, போ, போ' என்று மும்முறை ஏவப்பட்டவனாய், கேள்வி கேளாமல் போனான்.

சல்வத்தோரேயின் தட்டு நிறைந்து வழிந்ததை இராஜநாயகம் கவனிக்கவில்லை. ஸ்ரெல்லா கவனித்தாள். பல ஆண்டுகளாகச் சிஞ்ஞோராக்களின் இத்தாலியத்தைக் கேட்டுப் பழகிய அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள். "களத்துக்குள்ளை தமிழ் கதைக்கப்படாது எண்டு நீங்களெல்லோ சொன்னது."

"மெல்லக் கதையும்," என்றான் மறவன்.

அவள் சோற்றை அகப்பையால் பலமாகக் குத்திக் கிளறினாள்.

அங்கே அவன் நெஞ்சுக்குள் இரு படைகள் அணிவகுத்தன. ஒரு படையில் வீரர் பலர். நடுவர் சாப்பிட்டதும் போய்விடுவார், அவர் சொன்னது வேறு எவருக்கும் கேட்கவில்லை என்றான் ஒரு வீரன். பிறின்ஸ் இளையவன், நாலு பேர் நாலு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள் என்றான் இன்னொருவன். வியாழக்கிழமையை நினைத்துப் பார், விசிலை நினைத்துப் பார், றாயா குப்பை, றாயா பூனை, அதையும் நினைத்துப் பார் என்றான் மூன்றாமவன். அவன்தான் அப்படையின் தளபதி. எதிர்ப்படையில் இருந்தவன் ஒரே ஒருவன். அவன் கையில் வாள் இல்லை, தட்டு மட்டும் இருந்தது. வரிசை நகர நகர அவன் கிட்ட வந்துகொண்டிருந்தான். இராஜநாயகம் கறியை வேண்டுமென்றே மெல்ல மெல்லப் பரிமாறினான். அப்படியும் வரிசை முடிந்தது.

தந்தையும் மகனும் அண்டாவுக்கு இருபுறமும் நின்றார்கள்.

"நான் கத்தேக்கை உனக்கு என்ன கேட்டது?" என்று தந்தை கேட்டான்.

"போகச் சொல்லிக் கேட்டது. போனன்."

"பந்து பின்னாலை நிண்டது தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது. மிஸ்டர் சொல்லுறார், ஏதோ பிளான் இருக்கும் எண்டு நினைச்சன்."

"எப்ப விளங்கினது?"

"கோல் விழுந்த உடனை."

"பிறகேன் சொல்லேல்லை? சனமெல்லாம் உன்னைப் பேசேக்கை வாயை மூடிக்கொண்டு நிண்டனி."

பிறின்ஸ் தட்டைப் பார்த்தான். "சொன்னால் உங்களைப் பாத்துச் சிரிப்பினம். பஸ்தா, போதும், விடுங்கோ அப்பா. கறியைப் போடுங்கோ, பசிக்குது."

தறுகண் மறவனின் கண்கள் கலங்கின. மகனை நினைத்துப் பெருமையும், தன்னை நினைத்து வெட்கமும் ஒருசேர வந்து அவனை முட்டின. இந்தப் பிள்ளை கோல் விழுந்த கணம்தொட்டுத் தன் தகப்பனின் மானத்தைக் காத்து நின்றது. தகப்பனோ அதே பிள்ளையின் மானத்தைத் தன் பதவிக்கு முட்டாகக் கொடுத்தான். அவன் அகப்பையை அண்டாவுக்குள் விட்டான். மிஞ்சியிருந்த இறைச்சியையெல்லாம் ஒரே வாரில் அள்ளி மகனின் தட்டில் கவிழ்த்தான். பின், வெறும் அண்டாவின் விளிம்பில் அகப்பையால் மும்முறை அறைந்தான். முரசொலி கேட்டு மண்டபம் அடங்கியது. செயலாளர்கூட மெல்லுவதை நிறுத்தினார்.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ," என்று இராஜநாயகம் முழங்கினான். "பிறின்ஸ் சொல்லுக் கேக்காமல் போகேல்லை. சொல்லுக் கேட்டுத்தான் போனவன். களத்துக்குள்ளை இத்தாலியன் மட்டும் எண்டு சட்டம் போட்டவன் நான். கடைசியிலை பயத்திலை தமிழிலை கத்தினவனும் நான். நான் வா எண்டன். அவனுக்கு இத்தாலியனிலை கேட்டது. அவ்வளவுதான். பிழை என்னிலை, அவனிலை இல்லை."

முதலில் சிரித்தவர்கள் பலேர்மோவில் பிறந்த பிள்ளைகள். இரண்டு மொழியும் ஒரே நாவில் குடியிருக்கும் அவர்கள் மேசைகளைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பெரியவர்களுக்குச் சற்று நேரம் எடுத்தது. ஒவ்வொருவராய் 'வா' என்று தமிழில் ஒருமுறையும் இத்தாலியத்தில் ஒருமுறையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து, பின் சோறு சிந்தச் சிரித்தார்கள். வசீகரன் புரையேறித் தண்ணீர் கேட்டார். தமிழ் விளங்காத சல்வத்தோரேயும், எல்லாரும் சிரிப்பதால், கூடச் சேர்ந்து சிரித்தார். பிறின்ஸ் மட்டும் சிரிக்காமல் தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்று சாப்பிடத் தொடங்கினான்.

சிரிப்பு அடங்கியதும் ஞானாம்பிகையின் குரல் எழுந்தது. "அது சரி தம்பி. அப்ப சுரேசை ஏன் எடுத்தனி?"

இராஜநாயகம் சுரேசைப் பார்த்தான். சுரேஸ் அந்த வெள்ளெலும்பைப் பார்த்தான். "அதுவும் என்ரை முடிவுதான்," என்றான் மறவன். அதைச் சொன்னபோது அவன் முன்னெப்போதையும்விட உயரமாக இருந்தான் என்று பின்னர் ஸ்ரெல்லா சொன்னாள். அவள் அப்படியெல்லாம் சொல்லுகிறவள் அல்லள்.

அதன்பின் கூடிற்று பேரவை. தட்டுகள் அகற்றப்பட்டன; கதிரைகள் வட்டமிடப்பட்டன; ஏப்பங்கள் அடக்கப்பட்டன. கிழங்கு ஒன்றையும் மிச்சம் விடாது உண்டு முடித்த கொன்ஸ்ரன்ரைன், கையைக் கழுவி, கண்ணாடியைத் துடைத்து, வழக்குரைக்கும் பெருங்குரலெடுத்துப் பேசலானார். தவறு ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது என்றார். ஒப்புக்கொண்டது மேன்மையே ஆயினும் தவறு தவறுதான் என்றார். கல்லூரியின் மானம் தனி ஒருவரிலும் பெரிது என்றார். இராஜநாயகம் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினான். அதன் கயிற்றை விரலில் சுற்றி, சுற்றியதை அவிழ்த்து, மடியில் வைத்துக்கொண்டான். போகட்டும் என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்திலேயே வலித்தது. செயலாளர் அவையை நோக்கித் திரும்பினார். கோல்காப்பாளனை மாற்றச் சொன்னவரையும், மாற்றக்கூடாதென்றவரையும், சூரியனை அறிந்தவரையும், வாழைப்பழத்தை ஆராய்ந்தவரையும், பந்தைக் காலிலேயே வைத்திருக்கப் போனவரையும், முதற்பாதியின் வெற்றியிலேயே தோல்வியைக் கண்ட தீர்க்கதரிசியையும், இவ்வாறாக அம்மண்டபத்தில் குழுமியிருந்த குன்றாப் புகழுடைத் தளபதிகள் அனைவரையும் ஒருவர்பின் ஒருவராக உற்றுநோக்கி, அடுத்த ஆண்டு இவ்வணியைப் பயிற்றுவிக்கும் அரும்பொறுப்பை ஏற்க வல்லவர் எவரோ அவர் தம் வலக்கரத்தை உயர்த்துக என்று, சுவர்கள் எதிரொலிக்க, மும்முறை அறைகூவினார்.

ஒருவரும் கை தூக்காதபடியால் இராஜநாயகத்தையே திரும்பவும் மிஸ்டராகப் போட்டார்கள்.